"சின்ன மாற்றம்தானே" என்ற அறுவை எப்போது ஆராய்ச்சியாகிறது? போலி அறுவை, ஒப்புதல், கற்றல் காலம் – விவாத இழை

#1 · புரோட்டோகால்_புதிது

தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோபியில் வைக்கும் மெஷ்ஷை (தாங்கு வலையை) டாக்கர் (சிறு ஆணி போன்ற பிடிப்பான்) அடித்துப் பொருத்துவது ஒரு முறை, திசுப் பசையால் ஒட்டுவது இன்னொரு முறை. இரண்டையும் ஒப்பிடும் ஆய்வுக்குப் புரோட்டோகால் எழுதுகிறேன். பக்கத்துக்கு (ஒவ்வொரு முறைக்கும்) 30 பேர். மூன்றாம் மாதத்தில் வலி இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதன்மை அளவீடு. நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் மூன்று சந்தேகங்கள்.

அ) பசை முறைக்குக் கை பழக முதலில் பத்துப் பதினைந்து கேஸ் செய்துவிட்டுப் பிறகு அனுமதிக்குப் போகலாமா? "டெக்னிக்கில் சின்ன மாற்றம்தானே, இதற்கு எதற்குக் கமிட்டி" என்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆ) வலியை அளப்பதால், எந்த முறை செய்யப்பட்டது என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது. போலி அறுவை, அதாவது கீறல் மட்டும் போட்டு உண்மையான சிகிச்சையைச் செய்யாமல் விடுவது, என்று படித்தேன். அது இங்கே தேவையா? அனுமதிப்பார்களா?

இ) ஒப்புதலை யார், எப்போது வாங்குவது? அட்மிஷன் அன்று மாலை அறுவைப் படிவத்தோடு சேர்த்து வாங்கினால் போதுமா?

#2 · தையல்முனை

ஆ-வுக்குப் பதில் சுலபம், முதலில் அதை முடித்துவிடுகிறேன். போலி அறுவை தேவையே இல்லை. இரண்டு பக்கத்தாருக்கும் அறுவை நடக்கிறது, தோலில் தெரியும் துளைகளும் ஒன்றே. நோயாளிக்கும் மூன்றாம் மாதம் வலியைக் கேட்டு எழுதுபவருக்கும் தெரியாமல் இருந்தால் போதும். அறுவைக் குறிப்பைக் கேஸ் ஷீட்டிலிருந்து தனி உறையில் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் புறநோயாளிப் பிரிவில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வலியைக் கேட்பார்கள்.

அ-வில்தான் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் ஆராய்ச்சி நெறிகளை வகுத்த 1979 பெல்மான்ட் அறிக்கை இதை நேராகவே தொடுகிறது. வழக்கத்திலிருந்து விலகுவது மட்டுமே ஒரு செயலை ஆராய்ச்சி ஆக்கிவிடாது. ஆனால் அடிப்படையிலேயே புதிய முறைகளைத் தொடக்கத்திலேயே முறையான ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்து, பாதுகாப்பானதா, பலன் தருகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறது. மேஜையில் படுத்திருக்கும் ஒருவருக்கு, அவருடைய உடற்கூறு தாறுமாறாக இருப்பதால் தையலை வேறு விதமாகப் போட்டால் அது சிகிச்சை. "அடுத்து வரும் பதினைந்து பேருக்கும் பசைதான்" என்று முன்கூட்டியே முடிவெடுத்தால் அது வேறு கணக்கு. அங்கே முடிவு நோயாளியைப் பார்த்து வரவில்லை, முறையைப் பார்த்து வருகிறது.

இன்னொன்று: அந்தப் பசை வெளித்தோல் காயத்துக்கு மட்டும் அங்கீகரிக்கப்பட்டதா, உடலுக்குள் பயன்படுத்தவும் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். உள்ளே அனுமதி இல்லாத பொருள் என்றால் "சின்ன மாற்றம்" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

#3 · நெறிக்குழு_நாற்காலி

தையல்முனை சொன்னதோடு, குழுவில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வரும் விண்ணப்பம் இப்படி இருக்கும்: "கடந்த இரண்டு ஆண்டுகளில் செய்த 40 கேஸ்களின் பழைய பதிவுகளை ஆராய்கிறோம். ஒப்புதலிலிருந்து விலக்கு வேண்டும்." தரவுப் படிவத்தைத் திறந்தால் 6 மணி, 12 மணி, 24 மணி வலி மதிப்பெண், 7-ஆம் நாள் நடைவேகம், 3-ஆம் மாத வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் எல்லாம் வரிசையாக நிரம்பியிருக்கும். எந்த வார்டின் வழக்கமான கேஸ் ஷீட்டிலும் இவ்வளவு ஒழுங்காக வலி எழுதப்படுவதில்லை. அது பின்னோக்கிய ஆய்வு இல்லை. முன்னோக்கி நடந்த ஆய்வுக்கு ஒப்புதல் மட்டும் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பார்க்கும் குறிகள்: தொடர் நோயாளிகளுக்கு ஒரே மாற்றத்தைச் செய்யும் முடிவு, வெளியிடும் நோக்கத்தில் தரவு சேர்ப்பு, புதிய அல்லது வேறு பயனுக்கான சாதனம், கூடுதல் ஸ்கேன் அல்லது இரத்தப் பரிசோதனை, நோயாளிக்கு வரக்கூடிய ஆபத்தின் அளவு தெரியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலே எங்களிடம் வந்து கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. முடித்துவிட்டு வந்தால் அனுமதி தர எங்களால் முடியாது, நடந்துபோன ஆய்வுக்கு அனுமதி என்று ஒன்று கிடையாது.

#4 · எதிர்க்கேள்வி

அறுவை மருத்துவம் இவ்வளவு படிவத்தில் வளரவில்லையே? மருந்துக்கு எலி, ஆரோக்கியமானவர், நோயாளி என்று படிப்படியாகப் போகலாம். அறுவையில் அந்தப் படிகள் இல்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் குழு என்றால் யார் திருத்துவார்கள்?

#5 · தையல்முனை

அந்தப் படிகளை ஏற்படுத்தத்தான் ஐடியல் என்ற சட்டகம் 2009-இல் லான்செட்டில் வந்தது. முதல் நிலை, ஒருவர் அல்லது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் எண்ணத்தைச் செய்து பார்ப்பது. 2-அ, சில கைகளில் முறையைச் செதுக்குவது. இங்கே ஒவ்வொரு திருத்தத்தையும் எந்தக் கேஸில், ஏன் செய்தோம் என்று வரிசையாக எழுத வேண்டும், விட்டுப்போன கேஸே இருக்கக் கூடாது. 2-ஆ, பல மையங்களில் பரவலாகச் செய்து கற்றல் காலத்தை அளந்து, குலுக்கல் ஆய்வு (யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும் ஆய்வு) சாத்தியமா என்று பார்ப்பது. 3, குலுக்கல் ஆய்வு. 4, பதிவேட்டில் நீண்டகாலக் கண்காணிப்பு. ஒவ்வொரு நிலைக்கும் நெறிமுறைச் சுமை வேறு. முதல் நிலைக்கு 300 பேர் ஆய்வின் காகிதக் கட்டு வேண்டியதில்லை. ஆனால் துறைத் தலைவரின் எழுத்து அனுமதி, இந்த முறையை இதற்கு முன் செய்ததில்லை என்ற வெளிப்படையான ஒப்புதல், முடிவு கெட்டாலும் வெளியிடும் கடப்பாடு ஆகிய மூன்றும் வேண்டும்.

படியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். 2011-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அறுவை மருத்துவர் மேக்கியாரினி, எலும்பு மஜ்ஜைச் செல்கள் தூவிய பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார். விலங்குச் சோதனை போதவில்லை, ஆராய்ச்சிக்கான நெறிமுறை அனுமதி இல்லை. "உயிர் காக்கும் கடைசி முயற்சி" என்ற பெயரில் அது சிகிச்சையாகக் காட்டப்பட்டது. அங்கே அறுவை செய்துகொண்ட மூவரும் இறந்தார்கள். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. கெட்ட நோக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், முதல் ஆளில் என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்பே அடுத்த ஆளைப் படுக்க வைத்தது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான்.

அடுத்த உதாரணத்தில் கெட்டவர் யாருமே இல்லை. ஆரம்பக் கட்டக் கருப்பை வாய்ப் புற்றுக்குக் கருப்பையை முழுமையாக அகற்றும் அறுவை, குலுக்கல் ஆய்வு வருவதற்கு முன்பே சிறுதுளை முறைக்குப் பெருமளவு மாறிவிட்டது. இரத்த இழப்புக் குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று பின்னோக்கிய தொகுப்புகள் சொல்லின. 2018-இல் எல்ஏசிசி ஆய்வு வந்தது, 631 பெண்கள். நான்கரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5%, சிறுதுளை முறையில் 86.0%. கண்காணிப்புக் குழு அதைப் பாதியில் நிறுத்தியது. அதுவரை உலகெங்கும் "சின்ன மாற்றம்" என்று செய்யப்பட்டவற்றுக்கு எந்தக் குழுவின் கண்ணும் படவில்லை.

#6 · எண்கணக்கு

புரோட்டோகால்_புதிது, உங்கள் 60 பேர் எங்கிருந்து வந்த எண்? முதுநிலைப் படிப்புக் காலத்துக்குள் முடிய வேண்டும் என்று வந்திருந்தால் அதுவே நெறிமுறைக் குறை. நாள்பட்ட வலி 10%-இலிருந்து 5%-ஆகக் குறைகிறது என்று காட்ட, 80% திறன் (உண்மையான வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5% பிழை வரம்பு (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) வைத்தால் பக்கத்துக்குச் சுமார் 435 பேர் வேண்டும். பக்கத்துக்கு 30 வைத்தால் விடை வராது. வராது என்று முன்பே தெரிந்தும் 60 பேரைக் குலுக்கலுக்கு உட்படுத்துவது அவர்களை வீணாகப் பயன்படுத்துவது. வலியை இருக்கிறது, இல்லை என்று எண்ணாமல் 0–100 அளவுகோலில் சராசரியாக எடுத்தால் எண்ணிக்கை குறையும். ஆனால் எத்தனை புள்ளி குறைந்தால் நோயாளிக்கு அது ஒரு பொருட்டு என்று முதலில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: மெஷ் நகர்ந்து குடலிறக்கம் திரும்புவது மூன்று மாதத்தில் முழுதாகத் தெரியாது. வலி குறைந்தது என்று எழுதிவிட்டு, மூன்றாம் ஆண்டில் பசை விட்டுக்கொடுத்ததா என்று பார்க்க ஆளில்லை என்றால் பாதி விடையைத்தான் விற்கிறீர்கள்.

#7 · எதிர்க்கேள்வி

சரி, போலி அறுவைக்கு வருகிறேன். இவருடைய ஆய்வுக்கு வேண்டாம் என்பது புரிந்தது. பொதுவாகக் கேட்கிறேன். எந்தப் பலனும் தராது என்று தெரிந்தே ஒருவருடைய உடலில் கத்தி வைப்பதை எந்த நெறி ஏற்கும்?

#8 · நெறிக்குழு_நாற்காலி

இந்தக் கேள்வி 1999-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் நேருக்கு நேர் விவாதிக்கப்பட்டது. பார்கின்சன் நோய்க்குக் கருத் திசுவை மூளையில் பொருத்தும் ஆய்வுகள்தான் காரணம். போலிக் கட்டில் (ஆய்வில் போலி அறுவை பெறும் பிரிவில்) இருந்தவர்களுக்கு மண்டையோட்டில் துளையிட்டார்கள், மூளையுறையைத் துளைக்கவில்லை. 2003-இல் வெளியான இன்னொரு ஆய்வில் போலிக் கட்டில் இருந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்தார்கள். மேக்லின் இது ஏற்கத்தக்கதல்ல என்று எழுதினார். ஃப்ரீமன் குழுவினர், பொய்யான முறை ஆயிரக்கணக்கானோருக்குப் பரவுவதைத் தடுக்க இது வேண்டும் என்றார்கள். ஆய்வு முடிவு வந்தபோது, ஒட்டுத்திசு பெற்றவர்களில் சிலருக்குக் கட்டுப்படுத்த முடியாத உடலசைவுகள் வந்திருந்தன. போலிக் கட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்த அறுவை எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் நிலைப்பாடு: போலி அறுவையை மொத்தமாக மறுக்கவும் மாட்டேன், கேட்டவுடன் கொடுக்கவும் மாட்டேன். அளவீடு நோயாளி சொல்வதைச் சார்ந்ததாக இருக்க வேண்டும்: வலி, மூச்சிரைப்பு, அசைவு. இறப்பு, புற்று திரும்புதல் போன்றவற்றுக்குப் போலிக் கட்டு தேவையில்லை. உண்மையான அறுவை சிறு கீறலில் நடப்பதாக இருக்க வேண்டும். வயிற்றைத் திறந்து மூடும் போலி அறுவையை நான் அனுமதிக்க மாட்டேன். போலிக் கட்டின் ஆபத்து தனியாக எண்ணில் எழுதப்பட வேண்டும், "உண்மை அறுவையை விடக் குறைவு" என்று ஒப்பிட்டுத் தப்பிக்கக் கூடாது.

#9 · தையல்முனை

வரலாற்றையும் சொல்லிவிடுவோம். மார்வலிக்கு நெஞ்சுக்குள் ஓடும் உள்மார்புத் தமனியைக் கட்டும் அறுவை 1950-களில் பிரபலமாக இருந்தது. 1959-இல் காப் குழுவினர் 17 பேரிலும் அடுத்த ஆண்டு டைமண்ட் குழுவினர் 18 பேரிலும் செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறினார்கள், தமனியைக் கட்டவில்லை. அவர்களுக்கும் அதே அளவு நிவாரணம். அறுவை வழக்கொழிந்தது. எல்லோரும் இதை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். ஆனால் காப் ஆய்வில் நோயாளிகளிடம் இந்த அறுவையை மதிப்பிடுகிறோம் என்றுதான் சொன்னார்கள், வெறும் கீறல் மட்டும் கிடைக்கலாம் என்று சொல்லவில்லை. முடிவு சரி, ஒப்புதல் தவறு.

மோஸ்லி 2002-இல் மூட்டுத் தேய்மானத்துக்கு ஆர்த்ராஸ்கோபி (மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) செய்தபோது அந்தக் குறையைத் திருத்தினார். எனக்குப் போலி அறுவை மட்டும் நடக்கலாம், அது என் மூட்டுத் தேய்மானத்துக்குப் பலன் தராது என்பதை ஒவ்வொருவரும் தம் கையாலேயே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். தகுதியுள்ள 324 பேரில் 144 பேர் மறுத்தார்கள். 44% மறுப்பு என்பதை ஆய்வின் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். ஒப்புதல் வேலை செய்ததற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. யாருமே மறுக்காத ஆய்வைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மீதி 180 பேரில் கழுவி விடுவதும் சுரண்டி எடுப்பதும் போலி அறுவையை மிஞ்சவில்லை.

#10 · மயக்கவியல்

போலிக் கட்டின் ஆபத்து பெரும்பாலும் கீறலில் இல்லை, எங்கள் பக்கம்தான் இருக்கிறது. புரோட்டோகாலில் அறுவைக்கு நாலு பக்கம் எழுதுவார்கள், மயக்கத்துக்கு "வழக்கம் போல" என்று ஒரு வரி இருக்கும். மோஸ்லி ஆய்வில் உண்மை அறுவைக்குக் குழாய் போட்டு முழு மயக்கம், போலிக் கட்டுக்கு நரம்பு வழி அமைதியூட்டியும் ஓபியாய்டும் மட்டும், நோயாளி தாமே மூச்சுவிட்டபடி. போலிக் கட்டின் ஆபத்தைக் குறைக்க அது நல்ல வழி. ஆனால் தொண்டை வலியை வைத்துக் கண்டுபிடித்துவிட முடியுமா என்ற கேள்வியும் கூடவே வரும்.

நீங்கள் போலிக் கட்டு எழுதினால் இவற்றையும் எழுதுங்கள். ஏஎஸ்ஏ வகை 1, 2 (ஆரோக்கியமானவர்கள், லேசான நோய் உள்ளவர்கள்) மட்டும். கடினமான சுவாசப்பாதை இருந்தால் தகுதி நீக்கம். போலிக் கட்டுக்கு எவ்வளவு நிமிடம் தியேட்டரில் வைத்திருக்க வேண்டும் என்ற மேல் வரம்பு. முன்தடுப்பு ஆன்டிபயாடிக் இரு பக்கத்துக்கும் தரப்போகிறீர்களா, தந்தால் ஒவ்வாமை ஆபத்தைப் போலிக் கட்டின் கணக்கில் சேர்த்தீர்களா. நோயாளி விழித்திருந்தால் காதில் இசை போட வேண்டும், ஆர்பிட்டாவில் அப்படித்தான் செய்தார்கள். தியேட்டரில் இருந்தவர் யாரும் பிறகு வார்டில் அவரைப் பார்க்கக் கூடாது.

ஆர்பிட்டா என்பது 2017-இல் வந்தது, இதயத் தமனியில் ஸ்டென்ட் வைப்பதையும் வைப்பது போல் நடிப்பதையும் 200 பேரில் ஒப்பிட்டது. போலிக் கட்டில் நான்கு பேருக்கு, அழுத்தம் அளக்க விட்ட கம்பியால் சிக்கல் வந்து ஸ்டென்டே வைக்க வேண்டியதாயிற்று. போலிக் கட்டு பாதுகாப்பானது என்று கொட்டை எழுத்தில் எழுதுபவர்கள் இந்த நான்கு பேரை நினைவில் வைக்கட்டும்.

#11 · எதிர்க்கேள்வி

நடுவே ஒரு படி இல்லையா? ஒன்றும் செய்யாத கட்டு போதாதா?

#12 · எண்கணக்கு

போதாது, கூடுதலாக வேண்டும். 2018-இல் வந்த சிஎஸ்ஏடபிள்யூ ஆய்வு தோள்வலிக்கு மூன்று கட்டு வைத்தது: எலும்பைச் செதுக்கும் அறுவை, கேமரா மட்டும் விட்டுப் பார்ப்பது, எதுவும் செய்யாதது. மொத்தம் 313 பேர். செதுக்கியதும் வெறுமனே பார்த்ததும் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் ஒன்றும் செய்யாததை விடச் சற்று மேல், ஆனால் நோயாளிக்குப் பொருட்படுத்தும் அளவு இல்லை. மூன்றாம் கட்டு இல்லாமல் இருந்தால் "இரண்டும் வேலை செய்கின்றன" என்று வாதிட இடம் இருந்திருக்கும்.

மறைப்பு நின்றதா என்று சோதிக்க, நோயாளி எழுந்த உடனேயும் முதன்மை அளவீட்டின் அன்றும் "எது நடந்தது என்று நினைக்கிறீர்கள்" என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மட்டும் கேட்டால், வலி குறைந்தவர் உண்மை அறுவை என்றுதான் சொல்வார். அதில் மறைப்பின் தரம் தெரியாது.

#13 · கேஸ்ஷீட்

கேள்வி இ பக்கம் யாரும் வரவில்லை. ஆய்வு ஒருங்கிணைப்பு வேலையில் அங்கேதான் அதிகம் கெடுகிறது.

இரண்டு ஒப்புதல், இரண்டு தாள், இரண்டு வேளை. அறுவைக்கான ஒப்புதலை அறுவை மருத்துவர் வாங்கட்டும். ஆராய்ச்சிக்கான ஒப்புதலை, முடிந்தவரை, அவரோடு வேலை செய்யாத பயிற்சி பெற்ற ஒருவர் வாங்கட்டும். தம் உயிரைக் கையில் வைத்திருக்கப் போகிறவரிடம் "முடியாது" என்று சொல்ல யாருக்கும் நா எழாது. தகவல் தாளைப் புறநோயாளிப் பிரிவிலேயே கொடுத்து, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, திரும்ப வரும்போது கையெழுத்து. அட்மிஷன் அன்று மாலை என்றால் இரவு பட்டினி, காலையில் தியேட்டர் உடை, அவர் மறுத்தால் லிஸ்ட்டில் பின்னால் போவோம் என்று பயப்படுவார். முன்மருந்து கொடுத்த பிறகு ட்ராலியில் வாங்கிய கையெழுத்து கையெழுத்தே இல்லை.

படித்துக் காட்டியதோடு விடாதீர்கள், அவரைச் சொல்லச் சொல்லுங்கள். நான்கு கேள்வி போதும்: எந்த முறை உங்களுக்குச் செய்யப்படும் என்று யார் முடிவு செய்வார்கள்? ஆய்வில் சேராவிட்டால் உங்களுக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? ஆய்வுக்காக மட்டும் கூடுதலாக என்ன செய்வார்கள்? நடுவில் விலகினால் என்ன ஆகும்? முதல் கேள்விக்கு "டாக்டர் எனக்கு எது நல்லதோ அதைத் தேர்ந்தெடுப்பார்" என்று பதில் வந்தால் அவருக்கு இன்னும் புரியவில்லை. குலுக்கலைப் பற்றி மறுபடி சொல்லுங்கள். ஆப்பல்பாம் குழுவினர் 1980-களிலேயே கவனித்த சிக்கல் இது. ஆராய்ச்சியில் நடப்பது எல்லாமே தமக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது என்று நோயாளி நினைத்துக்கொள்வது.

#14 · எதிர்க்கேள்வி

அப்படிப் புரியவைத்தால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். அதனால்தானே அமெரிக்க மார்பகப் புற்று ஆய்வில், பி-06 என்றதில், ஒப்புதலுக்கு முன்பே குலுக்கிவிட்டார்கள்?

#15 · நெறிக்குழு_நாற்காலி

புள்ளியியலாளர் செலன் 1979-இல் முன்வைத்த வடிவம் அது. முழு மார்பகத்தை எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்று குலுக்கலில் முடிவாகும் என்று பெண்களிடம் சொல்ல மருத்துவர்களே தயங்கினார்கள், சேர்ப்பு தள்ளாடியது. முன்பே குலுக்கி, எந்தக் கட்டு என்று தெரிந்தபின் ஒப்புதல் கேட்டதும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் கட்டு தெரிந்த மருத்துவர் அந்தக் கட்டை எப்படி நடுநிலையாக விளக்குவார்? தமக்குக் கொடுக்கப்பட்டதை நல்லது என்று விற்கத்தான் செய்வார். ஆய்வு சரியான விடையைத் தந்தது என்பதால் அந்த வழி சரியாகிவிடாது. இன்று அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால், என்ன காரணத்தால் வழக்கமான குலுக்கல் முடியாது என்று பக்கம் பக்கமாகக் கேட்போம்.

#16 · தையல்முனை

மருத்துவர் தயக்கம்தான் மையம். நம்மில் பலர் தம் முறைதான் நல்லது என்று நம்பாமல் கத்தியைத் தொட மாட்டோம். அப்படியிருக்க, "இரண்டில் எது நல்லது என்று தெரியவில்லை" என்று எப்படிச் சொல்வது? ஃப்ரீட்மன் 1987-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். தனி மருத்துவருக்கு ஒரு பக்கம் சாய்வு இருக்கலாம். துறையில் உள்ள அறிவுள்ளவர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருந்தால் ஆய்வு நெறிக்கு உட்பட்டதே. "நான் பசையைத்தான் விரும்புகிறேன், ஆனால் என்னைப் போலவே அனுபவமுள்ளவர்கள் டாக்கரை விரும்புகிறார்கள், யார் சரி என்பதற்கு ஆதாரம் இல்லை" என்று நோயாளியிடம் சொல்லலாம். அது பொய்யும் இல்லை, ஒதுங்கலும் இல்லை.

சொல்லும் விதத்தை அளக்கவும் முடியும். புராஸ்டேட் புற்றுக்கான புரொடெக்ட் ஆய்வில் சேர்ப்பு உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். அறுவையை உற்சாகமாகவும் கண்காணிப்பை இழுத்த குரலிலும் சொல்லியிருந்தது தெரிந்தது. அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு மூன்றையும் சம எடையில் சொல்லப் பழக்கியதும் குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டவர்கள் 40%-ஐ ஒட்டிய அளவிலிருந்து 70%-ஆனார்கள்.

#17 · எதிர்க்கேள்வி

அதே ஒலிப்பதிவை, மறுப்பவர்களை எப்படி வளைப்பது என்று பழகவும் பயன்படுத்தலாம்.

#18 · கேஸ்ஷீட்

பயன்படுத்தலாம்தான். அதனால் ஒலிப்பதிவுக்கே தனி ஒப்புதல் வாங்குங்கள். மறுத்தவர்களின் பதிவுகளையும் கேளுங்கள், அங்கே யாராவது இரண்டாம் முறை அழுத்தினார்களா என்று. "இல்லை" என்ற பிறகு ஒரே ஒரு முறைதான், அதுவும் தவறான புரிதலைத் திருத்த மட்டும் பேசலாம் என்று புரோட்டோகாலில் எழுதினால் தீர்ந்தது.

#19 · எண்கணக்கு

கற்றல் காலம் பற்றிப் பேசாமல் விட்டீர்கள். டாக்கரில் ஆயிரம் கேஸ் போட்டவர், பசையில் ஐந்தாம் கேஸ் போட்டு இரண்டையும் ஒப்பிட்டால் அது முறைகளின் ஒப்பீடு இல்லை. வழிகள் இரண்டு. ஒன்று, ஆய்வில் சேர்வதற்கு முன் குறைந்தபட்ச எண்ணிக்கையும் வெட்டாத வீடியோவும் கேட்பது. எல்ஏசிசி மையங்களிடம் குறைந்தது 10 கேஸின் விவரமும் 2 வெட்டாத வீடியோவும் கேட்டது. மற்றது, நோயாளியை முறைக்குக் குலுக்காமல் அந்தந்த முறையில் தேர்ந்த மருத்துவருக்குக் குலுக்குவது. இதில் யாரும் தமக்குப் பிடிக்காத முறையைச் செய்ய வேண்டியதில்லை.

முதல் வழி என்றால் அந்தப் பத்து கேஸ் யார்? அவர்களும் நோயாளிகள்தான். "உங்கள் மருத்துவர் இந்த முறையை இதுவரை இத்தனை முறை செய்திருக்கிறார்" என்ற எண் அவர்களின் தகவல் தாளில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கைகழுவித் தியேட்டரில் நிற்க வேண்டும், ஃபோனில் அல்ல.

நிறுத்தும் விதி முன்பே எழுதப்பட வேண்டும். உதாரணம்: முதல் 10 பேரில் 3 பேருக்குக் கிளாவியன்–டிண்டோ 3-பி அல்லது அதற்கு மேல், அதாவது முழு மயக்கத்தில் மறு தலையீடு தேவைப்படும் அளவு சிக்கல் வந்தால் நிறுத்து. உண்மையான சிக்கல் விகிதம் 10% என்றால் இந்த விதி தவறாக நிறுத்தும் வாய்ப்பு சுமார் 7%. 30% என்றால் நிறுத்தும் வாய்ப்பு சுமார் 62%. போதுமா என்று குழு முடிவு செய்யட்டும், ஆனால் எண் மேஜையில் இருக்க வேண்டும். "30 பேரில் ஒரு சிக்கலும் இல்லை" என்று மகிழ்பவர்களுக்கு: உண்மையான சிக்கல் விகிதம் ஏறத்தாழ 10% வரைகூட இருக்கலாம்.

#20 · மயக்கவியல்

அவசர அறுவை பற்றிக் கேட்கும் முன் சுருக்கமாக: நினைவில்லாத நோயாளியிடம் முன் ஒப்புதல் முடியாது. பல நாடுகளின் விதிகள் பிற்பாடு ஒப்புதலையோ விலக்கையோ அனுமதிக்கின்றன, கடும் நிபந்தனைகளோடு. குடலிறக்க ஆய்வுக்கு அது பொருந்தாது. இறுகிப்போய் இரவில் வரும் கேஸை உங்கள் ஆய்வில் சேர்க்கவே வேண்டாம்.

#21 · புரோட்டோகால்_புதிது

மிக்க நன்றி. பக்கத்துக்கு 30 என்பதை விட்டு, பல மையங்களோடு சேர வழி பார்க்கிறேன். ஆனால் அதற்குள் மற்ற மையங்களில் எல்லோரும் பசைக்கு மாறிவிட்டால் டாக்கர் கட்டுக்கு ஆளே கிடைக்காதே?

#22 · நெறிக்குழு_நாற்காலி

மூளை இரத்தக்குழாய் மாற்றுவழி அறுவை ஆய்வுக்கு இதே குறை சொல்லப்பட்டது. 1985-இல் 1377 பேரில் பலனில்லை என்று முடிவு வந்ததும், தகுதியுள்ள பலர் ஆய்வுக்கு வெளியிலேயே அறுவை செய்துகொண்டார்கள் என்று முடிவையே கேள்வி கேட்டார்கள். மாறாக மாம்ஸ் ஆய்வைப் பாருங்கள். கருவில் இருக்கும் சிசுவின் முதுகுத்தண்டுப் பிளவை மூடும் அறுவை. ஆய்வு நடந்த காலத்தில் மூன்று மையங்களுக்கு வெளியே அதைச் செய்வதில்லை என்று அமெரிக்க மருத்துவர்கள் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். 200 பேர் திட்டம், 183-இல் பலன் தெளிவாகி நிறுத்தினார்கள், 2011-இல் வெளியானது. வெளியே தாராளமாகக் கிடைத்திருந்தால் யார் குலுக்கலுக்கு வந்திருப்பார்கள்? அதே ஆய்வு, தாய்க்குக் கருப்பைத் தழும்பு மெலிவும் குறைப்பிரசவமும் கூடியதையும் காட்டியது. அந்தச் சேதி தொகுப்புக் கட்டுரைகளில் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

#23 · தையல்முனை

பசை நிறுவனம் இலவசமாகப் பொருள் தருகிறது என்றால் அதையும் தகவல் தாளில் எழுதுங்கள். ஆய்வாளர் யாருக்காவது ராயல்ட்டியோ பேச்சுக் கட்டணமோ இருந்தால் அவர் ஒப்புதலும் வாங்கக் கூடாது, வலியையும் அளக்கக் கூடாது. மெஷ், பசை இரண்டின் லாட் எண் ஒட்டியையும் கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள். 2010-இல் டிபியூ ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது யாருக்கு எது வைத்தோம் என்று தேட உதவியது அந்தச் சீட்டும் பதிவேடும்தான். பொருள் உடலுக்குள் தங்கும் ஆய்வில் "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்ற வாக்கியம் பாதிதான் உண்மை. மெஷ் விலகாது. விலகினால் மேற்கொண்டு தரவு சேர்க்க மாட்டோம், ஏற்கெனவே சேர்த்தது இப்படி வைக்கப்படும், சிக்கலுக்கான சிகிச்சைச் செலவு இன்னார் பொறுப்பு என்று பிரித்து எழுதுங்கள்.

#24 · புரோட்டோகால்_புதிது

கடைசியாக ஒன்று. துறையில் ஏற்கெனவே சிலருக்குப் பசை வைத்தாயிற்று என்றால், அந்தத் தரவை ஆய்வில் சேர்க்கலாமா?

#25 · நெறிக்குழு_நாற்காலி

கூடாது. குலுக்கப்படாதவர்கள், ஒப்புதல் கொடுக்காதவர்கள். ஆனால் மறைக்கவும் வேண்டாம். எத்தனை பேர், எந்தத் தேதிகள், என்ன சிக்கல் என்று தனித் தாளில் புரோட்டோகாலுடன் இணையுங்கள். பசைக்கான ஆபத்து அளவை எழுத அதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே நேரடிச் சான்று. அவர்களை ஆய்வாளர் அல்லாத ஒருவர் வழக்கமான பின்தொடர்தலுக்கு அழைக்கட்டும், என்ன பொருள் வைக்கப்பட்டது என்று சொல்லட்டும். அதைப் பிறகு வெளியிட விரும்பினால் தணிக்கை என்ற பெயரில் தனி விண்ணப்பம், தனி ஒப்புதல். ஆய்வின் பதிவு எண்ணை முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் பல இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடும்.